வயிற்றுப் பயிற்சி செய்தும் தொப்பை ஏன் குறைவதில்லை?

மும்பைப் பக்கம் டோம்பிவிலியிலோ முலுண்டிலோ வீடு, அந்தேரியிலோ நரிமன் பாயிண்டிலோ ஆபீஸ் என்றால் நாளில் மூன்று மணி நேரம் லோக்கல் ரயிலுக்கே போய்விடும். தாராவி, சயான் கோலிவாடா பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு அலைச்சல் குறைவு, ஆனால் வேலை நேரம் நீளம். ஜிம்முக்கு ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு இரண்டாவது வாரமே நின்றுபோனவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சரி, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று பாயை விரித்து, போனில் ஒரு வீடியோவைப் போட்டு, மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கி இறக்கும் கிரஞ்ச் எடுக்கத் தொடங்குகிறார்கள். தினமும் ஐம்பது, அப்புறம் நூறு. ஒரு மாதம் ஆனபிறகு தொட்டுப் பார்த்தால் வயிறு உள்ளே இறுகிய மாதிரி இருக்கிறது. பெல்ட் மட்டும் அதே ஓட்டையில் நிற்கிறது. "நம்ம உடம்பு வாகு அப்படி" என்று விட்டுவிடுகிறார்கள்.

அவர்களுடைய உழைப்பில் குறை எதுவும் இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட கணக்குதான் தப்பு. தொப்பையைக் கரைப்பது ஒரு வேலை, வயிற்றுத் தசையை வளர்ப்பது வேறு ஒரு வேலை. இரண்டையும் ஒரு சின்ன அறைக்குள் செய்ய முடியும். ஆனால் ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

வயிற்றுச் சுவரைக் கொஞ்சம் பார்ப்போம். நெஞ்செலும்பின் அடியிலிருந்தும் விலா எலும்புகளிலிருந்தும் இடுப்புக்குக் கீழே உள்ள முன்னெலும்பு வரை, நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நீளமான தசை இறங்குகிறது. அதைக் குறுக்கே சில நார்ப்பட்டைகள் வெட்டுகின்றன. கட்டம் கட்டமாகத் தெரிகிற 'சிக்ஸ் பேக்' இந்தத் தசைதான். பக்கவாட்டில் சரிந்து ஓடும் இரண்டு அடுக்குத் தசைகள்; எல்லாவற்றுக்கும் அடியில் இடுப்பைச் சுற்றிக் கட்டின மாதிரி ஒரு குறுக்குத் தசை. இவை பிறந்ததிலிருந்தே எல்லோருக்கும் இருக்கின்றன. கட்டம் ஆறா, நாலா, எட்டா, நேர்க்கோட்டில் இருக்குமா கோணலாக இருக்குமா என்பதும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. எந்தப் பயிற்சியும் அந்த அமைப்பை மாற்றாது.

கொழுப்பு இரண்டு இடத்தில் சேர்கிறது. ஒன்று தோலுக்கும் தசைக்கும் நடுவே, விரலால் கிள்ளிப் பிடிக்க வருவது. இன்னொன்று தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றி. உள்ளே இருப்பதைக் கிள்ள முடியாது. கைகால் எல்லாம் மெலிந்து, வயிறு மட்டும் உருண்டையாக, அழுத்தினால் கல் மாதிரி இருக்கிற ஆண்களிடம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் நெருக்கமான கொழுப்பும் இதுதான்.

இனி, கிரஞ்ச் எடுக்கும்போது மேலே இருக்கும் கொழுப்பு ஏன் கரைவதில்லை? தசைக்கு எரிபொருள் தேவைப்பட்டால் அது பக்கத்தில் இருக்கும் கொழுப்புச் செல்லிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதில்லை. ஹார்மோன்கள் ரத்தத்தில் போய் உடம்பு முழுக்க இருக்கும் கொழுப்புச் செல்களுக்குச் செய்தி சொல்கின்றன. தொடை, முதுகு, கழுத்து, வயிறு எல்லா இடத்திலிருந்தும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்குகின்றன. வேலை செய்கிற தசை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. எந்த இடத்தில் முதலில் குறையும், எது கடைசியில் என்பதைப் பாலினமும் வயதும் மரபும் தீர்மானிக்கின்றன. பெண்களுக்கு இடுப்பு, தொடைக் கொழுப்பு பிடிவாதமாக இருக்கும். மாதவிடாய் நின்றபிறகு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்கும்.

இதை 1971-இலேயே அமெரிக்காவில் டென்னிஸ் ஆட்டக்காரர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வருடக்கணக்கில் ஒரே கையால் மட்டையைப் பிடித்து ஆடுகிறவர்கள். அந்தக் கையில் தசை பெரிதாக இருந்தது. தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமனில் இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை. 2011-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 24 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 6 வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். முன்னைவிட அதிக எண்ணிக்கையில் கிரஞ்ச் எடுக்க முடிந்தது, வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. தினமும் நூறு கிரஞ்ச் எடுத்த நம் மும்பைக்காரர்கள் பாயில் கண்ட அதே முடிவு.

கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது. 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். வியர்வையை வைத்துக் கொழுப்பை அளக்க முடியாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. மே மாதத்து மும்பையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தாலே பனியன் நனைந்துவிடும்; காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை காய்வதில்லை, அவ்வளவுதான். இடுப்பில் சுற்றிக்கொள்ளும் வியர்வை பெல்ட் குறைத்துக் காட்டுவது தண்ணீர் எடையை மட்டுமே, இரண்டு டம்ளர் குடித்தால் திரும்பி வந்துவிடும். மின்சாரம் பாய்ச்சித் தசையைத் துடிக்கவைக்கிற பெல்ட்டுகள் பற்றிச் சொன்னால், உடற்பயிற்சி இல்லாமலே வயிறு கட்டமாகும் என்று விளம்பரம் செய்த சில நிறுவனங்கள் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2002-லேயே நடவடிக்கை எடுத்தது. இருபது வருடம் தாண்டியும் அதே பொருள் புதுப் பெயரில் நம் போனில் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் காசுக்கு மூன்று மாதத்து முட்டையும் பருப்பும் வாங்கலாம். உடம்புக்கு நிஜமாகவே பலன் இருக்கும்.

கலோரிக் கணக்குக்கு வருவோம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறத்தாழ 7700 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் பத்து நிமிடம் விடாமல் கிரஞ்ச் எடுத்தால் சுமார் 40 கலோரி செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் நின்று சாப்பிடும் ஒரு வடா பாவ் முந்நூறை நெருங்கும். இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்துவதற்கு இல்லை. கொழுப்பு குறைவது பெரும்பாலும் தட்டில் நடக்கிறது, தசை வளர்வது பாயில் நடக்கிறது என்பதற்கு இந்த எண்களைவிட நேரான விளக்கம் கிடையாது.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை குறைவு. இந்தியர்களில் நிறையப் பேருக்கு இந்த அமைப்பு இருக்கிறது. அதனால்தான் 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்த அளவுகோலில் பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25 என்றால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

இந்த இடுப்பளவை எடை மெஷினைவிட நான் அதிகம் நம்புகிறேன். அளக்கும் முறை முக்கியம். பேண்ட் கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. தொப்பைக்குக் கீழே பேண்டை இறக்கிக் கட்டுகிறவர்களுக்கு அது பல செ.மீ. குறைத்துக் காட்டும். காலையில், சாப்பிடுவதற்கு முன், பக்கவாட்டில் கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்முனையையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, வயிற்றை உள்ளே இழுக்காமல் எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். தினமும் பார்த்தால் முந்தின நாள் சாப்பிட்ட ஊறுகாயும் அப்பளமும் தேக்கிவைத்த தண்ணீரைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

அடுத்தது தட்டு. காலையில் இட்லியோ உப்புமாவோ, மதியம் டப்பாவில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும், நடுவில் நாலு கட்டிங் சாய், மாலை பசிக்கு வடா பாவ், வீடு திரும்பி ராத்திரி பத்து மணிக்கு மறுபடி சோறு. இதில் எதுவும் விஷம் இல்லை. பிரச்சினை, நாள் முழுக்க மாவுச்சத்தும் எண்ணெயும் சர்க்கரையும் வருகின்றன, புரதம் வருவதில்லை. இரண்டு இட்லியில் நாலு கிராம் அளவுக்குத்தான் புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம், 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 50 கிராம். தசையை வளர்க்கும் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

இதற்காகப் பவுடர் டப்பா தேட வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 12 கிராமுக்கு மேல். உலர்ந்த சோயா உருண்டை 50 கிராம் எடுத்தால் 25 கிராம். இந்த ஊரில் பாங்டா என்று விற்கிற கானாங்கெளுத்தி நூறு கிராமில் 19, 20 கிராம் கிடைக்கும். குழம்பில் போடுங்கள், பொரிக்க வேண்டாம். மாலை ரயிலேறும் முன்பு ஒரு சின்ன டப்பா சுண்டல் கையில் இருந்தால் வடா பாவ் வண்டியைத் தாண்டிப் போவது எளிது. இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, ஆறு மணிக்குப் பசிக்கும் என்று காலையிலேயே தெரிந்து வைத்துக்கொள்வது. சாயில் ஒவ்வொரு ஸ்பூன் சர்க்கரையும் 20 கலோரி. நாலு சாயில் அரை அரை ஸ்பூனாகக் குறைத்தால் யாருக்கும் கஷ்டம் இல்லை.

எவ்வளவு குறைக்கலாம்? தேவையைவிட நாளுக்கு 300 முதல் 500 கலோரி. வாரத்துக்கு அரை கிலோவுக்குள் எடை இறங்கும். அதைவிட வேகமாக, சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு வெறும் பழமும் மோருமாக இருந்து இறக்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். ஏற்கெனவே தசை குறைவான உடம்புக்கு அது நஷ்டம்.

தூக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மும்பையில் அதைத்தான் முதலில் வெட்டுகிறோம். 2010-இல் சிகாகோவில் பத்துப் பேரை இரண்டு வாரம் கலோரி குறைந்த உணவில் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் எட்டரை மணி நேரப் படுக்கை, இன்னொரு கட்டத்தில் ஐந்தரை. இரண்டிலும் மொத்தம் மூன்று கிலோ அளவுக்கு எடை குறைந்தது. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே கொழுப்பு, மீதி பெரும்பாலும் கொழுப்பல்லாத திசு. அதே பட்டினி, பலன் பாதிகூட இல்லை. காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் ராத்திரி பன்னிரண்டு வரை போன் பார்த்துவிட்டு, அப்புறம் எழுந்து கிரஞ்ச் எடுப்பதைவிட, அந்த நேரத்தில் தூங்குவது வயிற்றுக்கு நல்லது.

பயிற்சிக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு பாய் விரிக்கும் இடம். குடிசை மாற்றுத் திட்டத்தில் கிடைத்த 225, 269 சதுர அடி வீடுகளில் கட்டிலை மடித்தால் அந்த இடம் வந்துவிடும். குதிக்கிற பயிற்சிகளை விட்டுவிடலாம். கீழ்வீட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருப்பார். குதிக்காமலே எல்லாம் நடக்கும். மகாராஷ்டிரத்தில் தாலீம் என்று சொல்லும் பயிற்சிக்கூடங்களில் மல்யுத்த வீரர்கள் தலைமுறை தலைமுறையாக உடம்பைக் கட்டியது தண்டாலிலும் பஸ்கியிலும்தான்.

வயிற்றைக் குறைக்க நினைக்கிறவர் முதலில் கால், முதுகு, நெஞ்சு என்ற பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பெரிய தசைக்கு எரிபொருள் அதிகம் வேண்டும். சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்வதும் அதுதான். பஸ்கி எடுக்க வராதவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதில் தொடங்கலாம். பத்து சுலபமாக வந்தால் நாற்காலியை எடுத்துவிட வேண்டும். அதுவும் சுலபமானால் ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். தண்டால் சுவரில் கைவைத்து, பிறகு கட்டில் விளிம்பில், பிறகு தரையில். முதுகுக்கு, குனிந்து நின்று பையையோ ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனையோ இடுப்புப் பக்கம் இழுப்பது. ரகசியம் இந்த ஏற்றத்தில் இருக்கிறது. கடைசி இரண்டு, மூன்று எண்ணிக்கை கஷ்டப்பட்டு வர வேண்டும். வருடம் பூராவும் அதே இருபது தண்டாலைச் செய்துகொண்டிருந்தால் தசைக்கு வளரக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், 150 நிமிட மிதமான நடையோ அதற்குச் சமமானதோ கேட்கிறது. ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு நடப்பவர், ரயில்வே பாலத்தில் எஸ்கலேட்டரை விட்டுப் படியேறுகிறவர், இந்த 150-ஐத் தனியாக நேரம் ஒதுக்காமலே முடித்துவிடுவார்.

வயிற்றுத் தசையின் முதல் வேலை முதுகெலும்பை அசையாமல் பிடித்து வைப்பது. ஓடும் ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது வண்டி குலுங்கினால் வயிறு தானாக இறுகுகிறதே, அதுதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெகில் இதனால்தான் முழுதாக எழுந்து உட்காரும் சிட்-அப்பை விட்டு, மூன்று எளிய பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். அமெரிக்கக் கடற்படைகூடத் தன் உடற்தகுதித் தேர்வில் சிட்-அப் வகைப் பயிற்சியை எடுத்துவிட்டு, குப்புற நின்று முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க்கை வைத்திருக்கிறது.

மெகிலின் முதல் பயிற்சி: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் இடுப்புக் குழிவுக்கு அடியில் வைக்க வேண்டும். தலையும் தோளும் தரையைவிட்டுச் சற்றே எழும்ப, பத்து விநாடி. கழுத்தை மடக்கக் கூடாது. இரண்டாவது, ஒரு பக்கமாகச் சாய்ந்து முழங்கையில் உடம்பைத் தாங்குவது. தொடக்கத்தில் முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். மூன்றாவது, மண்டியிட்டு நாலு காலில் நின்று, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது.

பிளாங்க் செய்கிறவர்களைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் இருபதாவது விநாடியில் இடுப்பு தொய்கிறது, மூச்சு நிற்கிறது. அதற்கு மேல் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிப்பது வயிற்றின் வேலை இல்லை, கீழ்முதுகு வாங்கும் அடி. பின்பக்கத் தசையை இறுக்கி, விலாவை இடுப்பை நோக்கி இழுத்து, மூச்சை விட்டு வாங்கியபடி இருபது விநாடி. இறக்கி, மறுபடி இருபது. இப்படி நாலு தடவை செய்தால் நடுக்கம் எங்கே வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இவை தாங்கும் பலத்தைக் கொடுக்கும். தசை தடிமனாக வேண்டும் என்றால் மல்லாந்து படுத்துக் காலை மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்குவது, இடுப்பைத் தரையிலிருந்து சுருட்டி எழுப்புவது போன்றவை வேண்டும். பத்துப் பன்னிரண்டில் களைத்துப்போகும் அளவுக்குக் கடினமாக, வாரத்தில் இரண்டு மூன்று நாள். வயிற்றுத் தசைக்கும் ஓய்வு வேண்டும். தினமும் இருநூறு என்பது பொறுமையைத்தான் வளர்க்கும். முதல் மாதத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொண்டதால் வருவது. தசையின் தடிமனில் வித்தியாசம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

கட்டம் கண்ணுக்குத் தெரிய, ஆண்களுக்கு உடல் கொழுப்பு 10 முதல் 14 சதவீதத்துக்குள் இறங்க வேண்டும். பெண்களுக்கு இயல்பாகவே கொழுப்பு அதிகம் வேண்டும். சாப்பாட்டை மிகவும் குறைத்து வயிற்றைக் கட்டமாக்க முயன்று மாதவிடாய் நின்றுபோனால் எலும்பும் பலவீனமாகும். வேலை, வீடு, இரண்டு குழந்தை என்று இருப்பவர் சிக்ஸ் பேக்கை இலக்காக வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன். 98 செ.மீ. இடுப்பு 92 ஆனாலே, கட்டம் ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும், ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் பார்க்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சிலர் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடலிறக்கம் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள். பிரசவமான பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் நடுக்கோட்டின் இரண்டு பக்கத் தசையும் விலகுகிறது. பலருக்குச் சில மாதங்களில் நெருங்கிவிடும், சிலருக்கு நெருங்காது. ஊரில் அம்மா கட்டிவிடும் வயிற்றுத் துணி முதுகுக்கு இதமாக இருக்கலாம், விலகிய தசையை அது சேர்க்காது. மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்து, தலையைக் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தெரிந்தாலோ, நடுவில் கூம்பு மாதிரி மேடு எழும்பினாலோ கிரஞ்சும் பிளாங்க்கும் இப்போதைக்கு வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய உடலைப் பார்த்துப் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனால், அடியில் இருக்கும் அந்தக் குறுக்குத் தசையை மூச்சோடு சேர்த்து இயக்குவதிலிருந்து சொல்லித் தருவார்.